சிரிக்க வைத்த கிடார்!

குட்டீஸ், பாப்பாய் கார்ட்டூன் பார்த்திருப்பீர்கள்தானே? கீரை டப்பாவைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டு, கையை முறுக்கிக் காட்டுவாரே, அந்த மாலுமிதான். அவருடைய பாட்டு காதில் விழுந்தால் கால் தானாகத் தாளம் போடும். அந்த மெட்டை, கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் ஒரு சோகப் பாட்டின் நடுவே திடீரென்று நுழைத்தால் எப்படி இருக்கும்?

1930களில் ஜப்பானில் ஒருவர் இதைத்தான் செய்தார். அவர் பெயர் கவதா ஹருஹிசா.

1907-ல் டோக்கியோவில் பிறந்தவர் கவதா. அந்த நகரில் அசகுசா என்று ஒரு பகுதி உண்டு. பெரிய புத்தர் கோயில், அதைச் சுற்றிக் கடைகள், வரிசையாக நாடகக் கொட்டகைகள், சினிமா தியேட்டர்கள் என்று அந்தக் காலத்தில் எப்போதும் திருவிழாக் கூட்டம்தான். அங்கே மேடையில் பாடியும் நடித்தும் வந்த கவதா, 1937-ல் மூன்று நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு தொடங்கினார். பெயர் 'அகிரெத்தா பாய்ஸ்'. இவர்கள் செய்யும் கூத்தைப் பார்த்து வாயடைத்துப் போக வேண்டியதுதான் என்கிற பொருளில் வைத்த பெயர்!

ஆட்களின் பெயர்களைக் கேளுங்கள். ஒருவர் மசுதா கீட்டன். ஹாலிவுட் சிரிப்பு நடிகர் பஸ்டர் கீட்டனின் பெயரைத் திரித்து வைத்துக்கொண்டவர். இன்னொருவர் ஷிபா ரியே. வேகமாகச் சொல்லிப் பாருங்கள், பிரெஞ்சுப் பாடகர் ஷெவாலியேயின் பெயர் மாதிரி இருக்கும். அவருடைய அண்ணன் போயா சபுரோவும் குழுவில் இருந்தார். பெயரைச் சொன்னாலே கூட்டம் சிரித்துவிடும்.

அப்போது ஜப்பானியர்களுக்கு 'நானிவபுஷி' என்றால் உயிர். ஷமிசென் என்கிற மூன்று நரம்பு வாத்தியம் ஒலிக்க, ஒருவர் கரகரத்த குரலில் கதையைப் பாடியும் பேசியும் சொல்வார். விசுவாசம், தியாகம், பிரிவு என்று கனமான கதைகள். கவதா ஷமிசென்னுக்குப் பதில் கிடாரை எடுத்தார். கதையை உருக்கமாகப் பாடிக்கொண்டே போவார். எல்லாரும் கைக்குட்டையைத் தேடும் நேரத்தில் பாப்பாய் உள்ளே வந்துவிடுவார்! அல்லது ஓர் அமெரிக்க ஜாஸ் பாட்டு, நானிவபுஷிக் குரலில் அழ ஆரம்பித்துவிடும்.

கேட்க எளிதாகத் தோன்றும். நீங்கள் செய்து பார்த்தால்தான் தெரியும். நானிவபுஷியை அசல் பாடகர் போலவே பாட வேண்டும், ஜாஸையும் அப்படியே பாட வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது தாளம் ஒரு நூல்கூடத் தப்பக் கூடாது. தப்பினால் சிரிப்பு வராது, கொட்டாவிதான் வரும். கவதாவுக்கு இரண்டுமே அருமையாக வந்தன.

1939-ல் ஒரு சோதனை வந்தது. கவதா குழு யோஷிமோத்தோ என்கிற நிறுவனத்தின் மேடைகளில் ஆடிவந்தது. போட்டி நிறுவனம் ஒன்று, கூடுதல் சம்பளம் தருவதாக ஆசை காட்டியது. நண்பர்கள் மூன்று பேரும் போய்விட்டார்கள். குழுவின் பெயரும் அவர்களோடு போய்விட்டது! கவதா மட்டும் போகவில்லை. தன்னை வளர்த்துவிட்டவர்களை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

அவருடைய இடத்துக்கு அங்கே வந்தவர் பெயர் சசங்கா கியூ. ஜப்பானிய மொழியில் இது மூன்றாம் வாய்ப்பாட்டில் வரும் 'மூமூன்று ஒன்பது' போலவே ஒலிக்கும். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை!

கவதா சும்மா இருப்பாரா? தம்பியையும் சேர்த்துக்கொண்டு புதுக் குழு தொடங்கினார். அமெரிக்காவில் 'மில்ஸ் பிரதர்ஸ்' என்று புகழ்பெற்ற பாடகர் குழு ஒன்று இருந்தது. கவதா தன் குழுவுக்கு 'மில்க் பிரதர்ஸ்', அதாவது பால் சகோதரர்கள் என்று பெயர் வைத்தார். உலகம் உருண்டை என்பதை வைத்து அவர்கள் பாடிய முகப்புப் பாட்டு ஜப்பான் முழுக்கப் பிரபலம்.

ஆனால் காலம் சரியில்லை. ஜப்பான் போரில் மூழ்கிக்கொண்டிருந்தது. ஆங்கில வாடை அடிக்கும் பெயர்களைக் கலைஞர்கள் மாற்ற வேண்டும் என்று 1940-ல் உத்தரவு வந்தது. 1943-ல் ஆயிரம் அமெரிக்க, ஆங்கிலேயப் பாடல்களுக்குத் தடை. பாதி ஜாஸ், பாதி நானிவபுஷி என்று வாழ்ந்தவருக்குப் பாதி உயிரே போன மாதிரி. போதாததற்கு நோய் வேறு. முதுகெலும்பில் காசநோய். கிடாரை மாட்டிக்கொண்டு குதித்தவர் படுக்கையில் விழுந்தார். பழைய நண்பர் ஷிபா ரியே போரில் இறந்துபோனார்.

1945-ல் போர் முடிந்தது. கவதா மறுபடியும் மேடை ஏறினார். அதுவரை யோஷியோ என்றிருந்த பெயரைப் பின்னர் ஹருஹிசா என்று மாற்றிக்கொண்டார். அந்த எழுத்துகளுக்குத் தெளிந்த வானம், நெடுங்காலம் என்று பொருள்.

1948-ல் யோகோஹாமா நகரத் தியேட்டர் ஒன்றில் அவரோடு ஒரு சிறுமி பாட வந்தாள். மீன் கடைக்காரர் மகள். இன்னும் 11 வயதுகூட ஆகவில்லை. பெயர் மிசோரா ஹிபாரி. பெரியவர்கள் பாடும் பாட்டை அப்படியே பெரியவர்கள் மாதிரிப் பாடுவாள். மக்கள் அசந்துபோனார்கள். ஆனால் படித்தவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். இது குழந்தையா, கிழவியா என்று பத்திரிகைகளில் திட்டி எழுதினார்கள். உங்கள் வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு வலித்திருக்கும்!

கவதா அவளை வேடிக்கைப் பொருளாகப் பார்க்கவில்லை. இன்னொரு கலைஞராகவே பார்த்தார். நானிவபுஷியில் குரலை எப்படிச் சுழற்ற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார். தன் மேடையில் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். 1950-ல் வந்த 'டோக்கியோ கிட்' படத்தில் இருவரும் சேர்ந்தே நடித்தார்கள்.

அதே 1950-ல் இருவரும் ஹவாய்க்கும் அமெரிக்காவுக்கும் பயணம் போனார்கள். அப்போது ஜப்பான் அமெரிக்கப் படைகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வெளிநாடு போவது லேசான காரியமில்லை. ஹவாயில் குடியேறிய ஜப்பானியரின் பிள்ளைகள், உலகப் போரில் அமெரிக்காவுக்காக '100-வது காலாட்படைப் பிரிவில்' சண்டையிட்டார்கள். பலர் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாக மன்றம் கட்ட நிதி திரட்டும் கச்சேரிக்குத்தான் இந்த அழைப்பு. மகனை இழந்த தாய், தகப்பன்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைச் சிரிக்க வைக்க வேண்டும். கவதா செய்தார்.

அவர் உடம்பு கடைசிவரை முழுதாகத் தேறவில்லை. 1957-ல், 50 வயதில் இறந்தார். அந்தச் சிறுமியோ ஜப்பானின் மிகப் பெரிய பாடகியாக வளர்ந்தாள். அப்பாவுக்கு அடுத்தபடி தனக்குக் குரு என்றால் கவதாதான் என்பார் ஹிபாரி. அவர் 1989-ல் காலமானார்.

வாத்தியத்தோடு சிரிப்புக் காட்டும் குழுக்களை ஜப்பானில் இன்றும் 'பாய்ஸ்' என்றே சொல்கிறார்கள். எல்லாம் அந்த அகிரெத்தா பாய்ஸ் வைத்த பெயர்தான். அவர்களுக்குப் பின் 1955-ல் 'கிரேசி கேட்ஸ்' வந்தார்கள். அப்புறம் 'டிரிஃப்டர்ஸ்'. இவர்கள் 1966-ல் டோக்கியோவில் பீட்டில்ஸ் கச்சேரிக்கு முன்னால் மேடையேறி, ஒன்றரை நிமிடம்கூடப் பாடாமல் ஓட்டம் பிடித்தவர்கள்!

1950 பயணத்தில் கவதாவும் ஹிபாரியும் சாக்ரமென்டோ நகரில் நடத்திய நிகழ்ச்சியை யாரோ ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அது குறுந்தகடாக வெளிவந்தது. போட்டுக் கேட்டால் கவதாவின் கிடார் கேட்கிறது. சிறுமியின் குரல் கேட்கிறது. அதற்கும் மேலே, அரங்கம் முழுக்கச் சிரிக்கும் சத்தம் கேட்கிறது.