எடிசனார் ஆக்கிய பாட்டரி

மின்விளக்கையும் ஒலிப்பதிவுக் கருவியையும் உலகிற்கு அளித்தவர் தாமஸ் ஆல்வா எடிசன் என்பதை அறியாதார் இலர். அவர் தம் வாழ்நாளிற் பத்தாண்டளவு ஒரு பாட்டரியின்பொருட்டே உழைத்தனர் என்பதை அறிந்தார் சிலரே. ரோபோ என்னும் சிறு இயந்திரப் பாவைகளைச் செய்து, அவற்றின் கைகால்களை அசைத்தற்குச் செர்வோ மோட்டார்களைப் பொருத்தி மகிழும் மாணவர் இந்நாளிற் பலர். அவர்க்கும் பயன்படுமாறு அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

எடிசனார் 1847ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டில், ஒஹையோ மாகாணத்து மிலான் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் பள்ளியிற் பயின்றது சின்னாட்களே; அன்னையாரே ஆசிரியராக அமைந்தனர். பன்னிரண்டாம் வயதில் புகைவண்டியிற் செய்தித்தாள் விற்றார். இளமையிலேயே செவிப்புலன் குன்றிற்று. பின்னர்த் தந்தி அலுவலராய் ஊர்தோறும் பணிபுரிந்த காலத்தில், தந்திக்கு உயிராய் நின்ற பாட்டரிகளின் இயல்பை அருகிருந்து அறிந்தார். 1877இல் ஒலிப்பதிவுக் கருவியும், 1879இல் நெடுநேரம் எரியும் மின்விளக்கும், 1882இல் நியூயார்க்கு நகரத்துப் பேர்ல் வீதி மின்நிலையமும் அவர் முயற்சியால் தோன்றின.

1900ஆம் ஆண்டளவில் அந்நாட்டு வீதிகளில் நீராவி வண்டி, பெட்ரோல் வண்டி, மின்வண்டி என்னும் மூன்றும் ஒன்றோடொன்று போட்டியிட்டன. மின்வண்டிக்குப் புகையில்லை, இரைச்சலும் இல்லை. ஆயினும் அதனைச் செலுத்திய ஈய பாட்டரி பெருஞ்சுமையாயிருந்தது; அதனுள் கந்தக அமிலமும் இருந்தது. இக்குறைகளைக் களைய விரும்பிய எடிசனார் ஈயத்திற்கு ஈடாக இரும்பையும் நிக்கலையும், அமிலத்திற்கு ஈடாகப் பொட்டாஷ் காரநீரையும் கொண்டார். அக்காலத்தே சுவீடன் நாட்டு யுங்னர் என்பாரும் இத்துறையில் ஆராய்ச்சி செய்து வந்தனர் என்பதும் நினைக்கத்தக்கது.

புதிய பாட்டரி விற்பனைக்கு வந்தது. ஆனால் கலங்கள் கசிந்தன. மின்சாரத்தைக் கொள்ளும் ஆற்றலும் விரைவிற் குறைந்தது. எடிசனார் 1904இல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார். பின்னும் ஐந்தாண்டுகள், தம் பொருளையும் பொழுதையும் கணக்கிடாது, ஆயிரக்கணக்கான சோதனைகளைச் செய்தார். 1909இல் உறுதிமிக்க பாட்டரி வெளிவந்தது.

எனினும் காலம் வேறு வழியிற் சென்றது. 1912இல் காடிலாக் என்னும் பெட்ரோல் வண்டியில், கையாற் சுழற்றாமலே எஞ்சினைக் கிளப்பும் மின்மோட்டார் அமைந்தது. எஞ்சினைக் கிளப்ப வேண்டுவது சில கணங்களுக்குப் பெருகிவரும் மின்னோட்டம். எடிசனார் பாட்டரியோ அகத்தடை மிக்கது. திடீரெனப் பெருமின்னோட்டம் வேண்டின் அதன் மின்னழுத்தம் தாழ்ந்துவிடும். கடுங்குளிரில் இன்னும் சோர்வுறும். அகத்தடை குறைந்த ஈய பாட்டரியே அப்பணிக்கு ஏற்றதாயிற்று. அவர் விலக்க எண்ணிய ஈய பாட்டரியே பெட்ரோல் வண்டிக்குத் துணைநின்று, மின்வண்டியைப் பின்தள்ள உதவியது!

அதனால் அவர் உழைப்பு வீணாயிற்றோ எனின், இல்லை. சுரங்கத்தார் விளக்கு, இருப்புப்பாதைக் கைகாட்டி, தொழிற்சாலைச் சுமைவண்டி ஆகியவற்றில், சீராகவும் நெடுங்காலமும் உழைக்கும் பாட்டரியாக அது மதிக்கப்பட்டது. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் எடிசனார் மறைந்த பின்னரும், அமெரிக்காவில் 1975 வரை அது செய்யப்பட்டு வந்தது.

இனி நம் இயந்திரப் பாவைக்கு வருவோம். செர்வோ மோட்டார் வாளா இருக்கும்போது சிறிதே மின்சாரம் கொள்ளும். அசையத் தொடங்கும்போதும், பளுவால் தடைப்பட்டு நிற்கும்போதும் பன்மடங்கு கொள்ளும். தடைப்பட்ட மோட்டார் ஒன்றே 1 ஆம்பியருக்கு மேலும் இழுத்தல் உண்டு. ஆறு மோட்டார்கள் ஒருங்கே அசையின், சிறிய செவ்வகவடிவ 9 வோல்ட் பாட்டரி அதனைத் தாங்காது, மின்னழுத்தம் தாழும், பாவை நடுங்கி நின்றுவிடும். ஆதலின் எத்தனை வோல்ட் என்று மட்டும் நோக்காது, எத்துணை ஆம்பியரை ஒருங்கே தரவல்லது என்றும், எவ்வளவு நேரம் தாங்கும் என்றும் நோக்கல் வேண்டும். பல செர்வோக்களுக்கு 4.8 முதல் 6 வோல்ட் வரை ஏற்றது. 1.2 வோல்ட் தரும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கலங்கள் நான்கோ ஐந்தோ தொடராக இணைப்பின் அது கிட்டும். அக்கலத்தின் நிக்கல் தகடும் பொட்டாஷ் நீரும் எடிசனார் பாட்டரியிலும் இருந்தவையே. அகத்தடையோ மிகக் குறைவு. லிதியம் பாலிமர் கலங்கள் இரண்டை இணைப்பின் முழுநிறைவில் 8.4 வோல்ட் எழும். மின்னழுத்தத்தைத் தாழ்த்தும் கருவியை இடையிற் பொருத்தாவிடின் எளிய செர்வோ கெட்டுவிடும்.

எடிசனார் பாட்டரி தாழ்ந்ததன்று. சுரங்கத்தில் உயர்ந்ததாயிருந்த அதுவே எஞ்சினைக் கிளப்புதற்கு ஏலாதாயிற்று. செய்யவேண்டிய வேலையை முதலில் அளந்து, அதன்பின் பாட்டரியைத் தேர்வதே அறிவுடைமையாகும்.