வேதநாயகம் சாஸ்திரியார்

வேதநாயகம் சாஸ்திரியார் (செப்டம்பர் 7, 1774 – ஜனவரி 24, 1864) தமிழகச் சீர்திருத்தத் திருச்சபை வழிபாட்டில் கருநாடக இசை இடம்பெறக் காரணமான கவிஞர் ஆவார்.

வாழ்க்கைக் குறிப்பு

திருநெல்வேலியில் பிறந்தார். இவரது 12ஆம் அகவையில் மிஷனரி சுவார்ட்ஸ் இவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று கற்பித்தார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜி இவருடன் பயின்றவர்.

கீர்த்தனைகள்

அக்காலச் சபைகளில் செருமானிய மெட்டுகளில் அமைந்த மொழிபெயர்ப்புப் பாடல்களே பெரிதும் பாடப்பட்டன. சாஸ்திரியார் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் இராக, தாளங்களுடன் கீர்த்தனைகள் இயற்றினார். குறவஞ்சி என்னும் சிற்றிலக்கிய வகையைக் கையாண்டு பெத்லகேம் குறவஞ்சியையும் பாடினார்.

சபையுடன் முரண்பாடு

பின்னர் வந்த மிஷனரிகள் பழைய விவிலிய மொழிபெயர்ப்பை மாற்றினர். திருமணங்களில் மலர் சூடுவதைத் தடுத்தனர். ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளையும் விலக்கினர். சபையில் சாதி வேறுபாட்டைக் கைவிடுமாறும் வற்புறுத்தினர். இவை அனைத்தையும் எதிர்த்த சாஸ்திரியார் 1829இல் பதவி இழந்தார். சரபோஜி மன்னர் ஊதியம் அளித்து ஆதரித்தார். இவருடைய இசை பற்றிய முறையீடு நியாயமானது. சாதியைக் காக்க முனைந்த வாதத்தை அவ்வாறு கூற இயலாது. இரண்டையும் இவர் தமிழர் வழக்கம் என ஒன்றாகவே கருதினார்.

பரவல்

அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் இவரது பாடல்கள் பல இடம்பெற்றன. அதன்பின் அவை பிற மிஷன் சபைகளிலும் பரவின. ஓட்டப்பிடாரம் உள்ளிட்ட தூத்துக்குடி வட்டாரத்துத் தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் ஆங்கில மெட்டு ஞானப்பாட்டுகளுடன் கீர்த்தனைகளும் பாடப்படுகின்றன.