நகநுனியிற் கலை கண்டவர்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்றதும் நம் மாணவர் நினைவுக்கு வருவது நடராச வடிவமே. 1918 இல் வெளிவந்த அவரது சிவ நடனம் என்னும் கட்டுரைத் தொகுதி ஆடல்வல்லானின் தத்துவத்தை மேனாட்டார்க்கு உணர்த்திற்று. ஆதலின் அவரைத் தத்துவ ஆசிரியராகவே போற்றிப் பழகிவிட்டோம். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே அவர் கண்டி நாட்டுக் கிராமங்களில் எளிய கைவினைஞர் முன் அமர்ந்து, அவர்தம் கைகள் இயங்கும் விதத்தைக் குறித்துக்கொண்டிருந்தார் என்பதைப் பலர் அறியார். மாத்தளையில் வாழும் எமக்கு அவ்வரலாறு மிக அண்மையானது.

குமாரசுவாமி 1877 ஆம் ஆண்டு ஆகஸ்டு 22 ஆந் திகதி கொழும்பிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி சட்டநிரூபண சபையில் அங்கம் வகித்த சைவத் தமிழர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் நாடகமாகத் தந்தவர். பாளி மொழியும் பயின்று, பௌத்த நூலாகிய சுத்தநிபாதத்தின் பகுதிகளை மொழிபெயர்த்து 1874 இல் வெளியிட்டவர். தாயார் எலிசபெத் ஆங்கில மாது. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் குழந்தைக்கு அத்தை புதல்வர். இரண்டு வயது நிரம்புமுன் குழந்தை தாயுடன் இங்கிலாந்து சென்றது. பின்தொடர இருந்த தந்தையாரோ 1879 மே மாதத்திற் காலமானார். தமிழ்க் குடியிற் பிறந்த அப்பிள்ளை ஆங்கில நாட்டிலேயே வளர்ந்தது.

இலண்டன் சர்வகலாசாலையில் அவர் கற்றவை புவியியற் கல்வியும் தாவரவியலும். 1903 இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயினார். 1904 இல் தோரியனைற்று என்னும் கனிமத்தை இனங்கண்டு புகழெய்தினார். அவ்வுத்தியோகம் அவரை மலைநாட்டுக் காடுமேடெல்லாம் நடக்கச் செய்தது. கல்லைத் தேடி நடந்தவர் வழியிலே கலையைக் கண்டார்.

கண்டபொழுது அக்கலை மெலிந்திருந்தது. கண்டியரசர் காலத்திற் சிற்பிக்கும் தட்டாருக்கும் தச்சருக்கும் அரசன் நிலம் அளித்தான். அவர்கள் அரண்மனைப் பட்டறைகளிலும் விகாரைகளிலும் தொழில் புரிந்தனர். 1815 இல் அரசு வீழ்ந்தது, ஆதரிப்பார் இலராயினர். கப்பலில் வந்த மலிவுப் பொருள்கள் சந்தையை நிரப்பின. பழைய விகாரைச் சித்திரங்களின்மேற் புதுச்சாயம் பூசுவதும், பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளுவதும் முன்னேற்றம் எனக் கருதப்பட்டன. மனம் வெதும்பிய குமாரசுவாமி 1905 இற் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதி, முன்னோர் தேடிய செல்வத்தைக் காக்குமாறு வேண்டினார்.

கடிதம் எழுதியதோடு அவர் அமையவில்லை. மனைவியார் எதெலுடன் ஊர் ஊராகச் சென்று, பாய் முடைவோர், தையல் வேலை செய்வோர், மட்கலம் வனைவோர், பொன் வேலை செய்வோர் ஆகியோரின் முறைகளைப் பதிந்தார். அம்மையார் நிழற்படம் எடுத்தார். அன்று இலங்கையில் அவர் உள்ளத்தில் விழுந்த வித்து வீண்போகவில்லை. பின்னர் எதெல் மைரே என்னும் பெயருடன் இங்கிலாந்திற் கைநெசவின் தலைசிறந்த ஆசிரியையாக அவர் விளங்கினார்.

அவர்கள் பதிந்த தொழில்களுள் எம் மாவட்டத்து ஹபுவிடவின் அரக்கு வேலையும் ஒன்று. பல்லே ஹபுவிடவில் அத்தொழிலை இன்றும் காணலாம். அரக்கை வெப்பத்தில் இளக்கி, இழுத்தும் அடித்தும் பதமாக்கி, நிறப்பொடி சேர்ப்பர். சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் பழைய மரபு. கடைசற் பொறியிற் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் கோலை அழுத்தினால், உராய்வின் சூட்டில் அது உருகிப் படியும். ஓலையால் தேய்க்க மெருகேறும். இது ஒருவகை. மற்றையது நகவேலை, சிங்களத்தில் நியபொத்து வேலை என்பர். இளகிய அரக்கை நூலினும் மெல்லிய இழையாக இழுத்து, கைத்தடியிலோ விசிறிக் காம்பிலோ ஏட்டுச் சட்டத்திலோ கொடியாகவும் பூவாகவும் வளைத்து ஒட்டி, வேண்டிய இடத்தில் நகத்தால் நறுக்குவர். தூரிகை இல்லை, உளி இல்லை, நகமே கருவி. முதியவர் ஒருவர் இவ்வேலை செய்யக் கண்டு நான் பேச்சற்று நின்றதுண்டு. இழை ஆறுமுன் வளைத்தாக வேண்டும். சிந்திப்பதற்கு அவகாசம் இல்லை. பல்லாண்டுப் பயிற்சி விரல்வழியே சிந்திக்கின்றது.

இங்கிலாந்து திரும்பிய குமாரசுவாமி, தாம் கண்டவற்றை மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூலாக்கினார். கைவினையைப் புகழும் நூலைக் கைவினையாகவே ஆக்க வேண்டும் என்பது அவர் துணிபு. வில்லியம் மொறிஸ் என்னும் ஆங்கிலப் பெரியார் சோசருடைய கவிதைகளை அச்சிட்ட அதே கையச்சியந்திரத்தைத் தம் இல்லத்தில் நிறுவுவித்து, 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை அச்சுவேலையைத் தாமே மேற்பார்த்தார். அச்சானவை 425 படிகளே. இலங்கைத் தமிழர் ஒருவர் சிங்களக் கம்மியருக்கு எழுப்பிய நினைவாலயம் அந்நூல். தந்தையார் பாளி நூலுக்குச் செய்த தொண்டின் தொடர்ச்சி அது என்றே நான் கருதுகின்றேன்.

அந்நூலும் அடுத்த ஆண்டு வந்த இந்தியக் கைவினைஞன் என்னும் நூலும் எனக்குக் கற்பித்த பாடம் ஒன்று. புத்தெண்ணம் வானிலிருந்து விழும்வரை கைவினைஞன் காத்திருப்பதில்லை. பாட்டன் வரைந்த கொடியையே பேரனும் வரைகின்றான். எனினும் ஒரு கொடி மற்றொரு கொடி அன்று. இதிற் புதுமை எங்கே என ஐயுறுவார் வெண்பாவை எண்ணுக. தளை ஒன்றே, ஈற்றடியின் கட்டளை ஒன்றே, ஆயினும் புகழேந்தியின் வெண்பா வேறு, காளமேகத்தின் வெண்பா வேறு. விதி விலங்கன்று, பயின்றவனுக்கு அது சிறகு.

இதனை நான் காலந்தாழ்த்தியே கற்றேன். பல்லாண்டுகளுக்கு முன், யாப்பிலக்கண வகுப்பில் ஒரு மாணவன் மேசைக்கடியில் தென்னங் குருத்தோலையாற் கிளியொன்று முடைந்துகொண்டிருந்தான். நான் அதனைப் பறித்துக் கூடையில் எறிந்தேன். அவ்வோலை மடிப்பில் இருந்த ஒழுங்கும், நான் கரும்பலகையில் எழுதிய தளையின் ஒழுங்கும் ஒன்றே என்பதை அன்று காணவில்லை. குமாரசுவாமியைப் படித்தபின் அக்கிளி பலமுறை என் நெஞ்சில் வந்து அமர்ந்திருக்கின்றது.

அவர் கருத்து யாவும் எனக்கு உடன்பாடல்ல. தொழிலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது சாதியமைப்பு எனக் கண்டு, அதனை அவர் பெரிதும் பாராட்டினார். அவ்வமைப்பிற் கைவினைஞன் பட்ட சிறுமையை அவர் போதிய அளவு எண்ணவில்லை. தந்தையின் கை தேர்ந்தது என்பதற்காக மகனுக்கு வேறு வழி அடைபடல் நீதியன்று. கலை வாழ வேண்டும். விரும்பிக் கற்பார் எவரிடத்தும் வாழ வேண்டும். இவ்வளவே ஓர் ஆசிரியன் அவரோடு செய்யும் வழக்கு.

1917 முதல் அவர் அமெரிக்காவிற் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் கடமையாற்றினார். புழங்குவதற்காக ஆக்கப்பட்ட பொருள்களைக் கண்ணாடிப் பேழையிற் காக்கும் தொழில் அவருக்கு வாய்த்தமை விதியின் விளையாட்டுப்போலும். அப்பொருள்கள் நூதனசாலைக்கென ஆக்கப்பட்டவையல்ல என்பதை அவர் அங்கிருந்தே ஓயாது எழுதினார். எழுபதாம் ஆண்டு நிறைந்தபின் பாரதம் திரும்பித் துறவு வாழ்வு வாழ விழைந்தார். அது கைகூடவில்லை. 1947 செப்டெம்பர் 9 ஆந் திகதி நீடம் என்னும் ஊரில் தம் இல்லத்தில் அமரரானார்.

அவருக்கு நாம் விழா எடுக்கின்றோம்; சொற்பொழிவு ஆற்றுகின்றோம். அவையும் வேண்டியனவே. ஆயினும் மாத்தளை மாணவரை ஒருநாள் ஹபுவிடவுக்கு அழைத்துச் சென்று, அரக்கிழை ஆறுமுன் கொடியாகும் அக்கணத்தைக் காட்டுதல் அவற்றினும் சிறந்தது. திரும்பிவந்து எந்த மாணவனாவது ஓலையைக் கையில் எடுப்பானாயின், அதனைப் பறியாதிருப்போமாக.