கணிப்பொறிக்கு அறம் வகுத்த அறிஞர்
எழுத்தறியாப் பெற்றோரின் மகனான நான், கணிப்பொறித் திறமை ஒன்றே கல்வி என்று எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவர் கணித மேதை நார்பர்ட் வீனர். 1894இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்த இவர், 18 வயதிலேயே ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப்போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் குறிபார்க்கும் முறையை ஆராய்ந்தார். போர் முடிந்தபின், ஏவுகணை ஆய்வுக்குத் தம் கட்டுரையைக் கேட்டவருக்குத் தர மறுத்தார். அம்மறுப்பை 1947இல் வெளியிட்டார். 1948இல் 'சைபர்நெட்டிக்ஸ்' நூலையும், 1950இல் இயந்திரங்களால் மனிதர்க்கு விளையும் நன்மை தீமைகளை ஆராயும் நூலையும் படைத்தார். 1964இல் ஸ்டாக்ஹோமில் மறைந்தார்.

அண்மையில் நண்பனின் கடவுச்சொல் என் கண்ணில் பட்டது. அவன் கணக்கைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. திறக்கும் வித்தையோடு திறவாதிருக்கும் மனத்தையும் தருவதன்றோ கல்வி!