கடல் முள்ளெலி முட்டையும் புற்றுநோயும்: யார் இந்த தியோடோர் பொவேரி?

இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் உடலில் மில்லியன் கணக்கான செல்கள் இரண்டாகப் பிரிந்திருக்கும்.

ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு பங்கு பிரிக்கும் வேலை நடக்கிறது. ஒரு செல்லுக்குள் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. நம் மரபணுக்கள் ஏறக்குறைய எல்லாம் இருப்பது அவற்றில்தான். செல் பிரிவதற்கு முன்பு அந்த 46-க்கும் நகல் எடுக்கப்படும். பிறகு இரண்டு புதிய செல்களுக்கும் தலா 46 போய்ச் சேர வேண்டும். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

சரி, பங்கு தப்பினால் என்ன ஆகும்?

நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர் ஜெர்மானிய விலங்கியலாளர் தியோடோர் பொவேரி. அவர் புற்றுநோய் மருத்துவர் இல்லை. அவர் வாழ்நாளில் பெரும்பகுதி புழு முட்டைகளையும் கடல் முள்ளெலி முட்டைகளையும் பார்ப்பதிலேயே போனது. ஆனால் புற்றுநோய் எப்படித் தொடங்குகிறது என்று அவர் 1914-ல் எழுதியதில் பல விஷயங்கள் பின்னாளில் உறுதியாயின. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

அவர் கதையைக் கொஞ்சம் பார்க்கலாம், வாங்க.

மருத்துவர் வீட்டுப் பிள்ளை

பொவேரி 1862 அக்டோபர் 12-ஆம் தேதி ஜெர்மனியின் பவேரியா வட்டாரத்தில் உள்ள பாம்பெர்க் நகரில் பிறந்தார். அப்பா மருத்துவர். வீட்டில் நான்கு ஆண் பிள்ளைகள். தியோடோர் இரண்டாமவர்.

அவருடைய தம்பி வால்டரின் பெயரை நீங்கள் வேறு எங்காவது பார்த்திருக்கலாம். 1891-ல் சுவிட்சர்லாந்தில் பிரவுன் பொவேரி என்ற மின்பொறியியல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் அவர் ஒருவர். இன்றைய ஏபிபி நிறுவனப் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் அங்கிருந்து வந்தவைதான்.

தியோடோர் மியூனிக் பல்கலைக்கழகத்தில் முதலில் எடுத்தது வரலாறும் தத்துவமும். சீக்கிரமே மனம் மாறி, இயற்கை அறிவியல் பக்கம் வந்துவிட்டார். 1885-ல் முனைவர் பட்டம் பெற்றார். 1893-ல், முப்பது வயதில், வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார். கடைசிவரை அங்கேயே இருந்தார்.

இதெல்லாம் வெளியில் தெரிந்த வெற்றிகள். உள்ளே வேறு ஒரு போராட்டமும் இருந்தது. 1890 வாக்கில் உடலும் மனமும் தளர்ந்துபோய் அவர் சில காலம் வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. அதன் பிறகும் உடல்நலக் குறைவு அவரை விட்டபாடில்லை.

ஏன் புழு முட்டை?

முதலில் அவர் ஆராய்ந்தது குதிரைகளின் குடலில் வாழும் ஓர் உருளைப்புழுவை. கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறதா? காரணம் ரொம்ப எளிமையானது. மனிதச் செல்லில் 46 குரோமோசோம்கள். அந்தப் புழுவின் முட்டையில் இரண்டு அல்லது நான்குதான். அக்காலத்து நுண்நோக்கியில் 46-ஐ எண்ணுவது பெரும்பாடு. நான்கை எண்ணுவது அப்படியில்லை.

செல் பிரியும்போது அதன் இரு முனைகளிலிருந்தும் மெல்லிய இழைகள் நீண்டு, குரோமோசோம்களைப் பற்றி, ஆளுக்கொரு பக்கமாக இழுப்பதை அவர் கவனித்தார். இழைகள் கிளம்பும் இடத்தில் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. அதற்கு 1888-ல் அவர் வைத்த பெயர் சென்ட்ரோசோம். உயிரியல் பாடப் புத்தகத்தில் இன்றும் அதே பெயர்தான்.

சாதாரணமாக, பிரியப்போகும் செல்லில் இரண்டு சென்ட்ரோசோம்கள் இருக்கும். அதனால் முனைகளும் இரண்டு. பங்கு சமமாகப் போகும்.

இரண்டுக்குப் பதில் நான்கு இருந்தால்?

நேப்பிள்ஸ் கடற்கரையில் ஒரு சோதனை

அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது கடல் முள்ளெலியில். உடம்பெல்லாம் முள் நீட்டிக்கொண்டு, கடலடிப் பாறைகளில் ஒட்டிக் கிடக்குமே, அதுதான். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இருந்த கடல் உயிரியல் ஆய்வு நிலையத்துக்குப் பொவேரி பலமுறை போய் வந்தார்.

இந்த வேலையில் அவர் தனியாக இல்லை. உடன் இருந்தவர் மனைவி மார்செல்லா. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்தவர். எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உயிரியல் பட்டம் பெற்ற முதல் பெண். அமெரிக்காவில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர், பொவேரியிடம் ஆய்வு செய்ய 1896-ல் வூர்ட்ஸ்பர்க் வந்தார். அறிவியல் படிக்கப் பெண்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் அதுவரை இடம் கொடுத்ததில்லை. மறு ஆண்டு இருவரும் மணந்துகொண்டனர். 1900-ல் மகள் மார்கிரெட் பிறந்தார். பின்னாளில் அவர் ஜெர்மனியின் பெயர் பெற்ற செய்தியாளரானார்.

இனி சோதனைக்கு வருவோம். வழக்கமாக ஒரு முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுதான் நுழையும். விந்தணுக்களின் அளவு மிக அதிகமாக இருந்தால், சில முட்டைகளில் இரண்டு நுழைந்துவிடும். அப்போது இரண்டு கோளாறுகள் ஒன்றாக நடக்கின்றன. ஒன்று, குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்றாகிறது. இரண்டு, முனைகள் நான்காகின்றன. முட்டை ஒரே நேரத்தில் நான்கு செல்களாகப் பிரிகிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு விளையாட்டு. 1 முதல் 18 வரை எண் போட்ட சீட்டுகள் மூன்று கட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 54 சீட்டு. நன்றாகக் கலைத்து, நான்கு பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். எல்லாருக்கும் கைநிறையச் சீட்டு கிடைக்கும். ஆனால் 18 எண்களும் ஒருவர் கையிலாவது முழுசாக இருக்குமா? அது நடப்பது ரொம்ப அபூர்வம். ஒருவரிடம் 7 மூன்று இருக்கும், 12 இருக்கவே இருக்காது.

அந்த முட்டைகளுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். பெரும்பாலானவை ஒழுங்காக வளராமல் அழிந்தன. பொவேரி அத்தோடு விடவில்லை. அந்த நான்கு செல்களையும் தனித்தனியாகப் பிரித்து வளர்த்துப் பார்த்தார். இயல்பான முட்டையில் அப்படிப் பிரித்தால் நான்கும் ஒரே மாதிரி வளரும். இதிலோ நான்கும் நான்கு விதமாகக் கெட்டன.

இதிலிருந்து அவர் வந்த முடிவு 1902-ல் வெளியானது. குரோமோசோம்கள் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை உண்டு. எத்தனை இருக்கின்றன என்பதைவிட, எல்லா வகையும் இருக்கின்றனவா என்பதே முக்கியம். அதே காலகட்டத்தில் அமெரிக்காவின் வால்டர் சட்டன் வெட்டுக்கிளிச் செல்களை ஆராய்ந்து இதே திசையில் வந்து சேர்ந்தார். பரம்பரைக் குணங்களைச் சுமப்பவை குரோமோசோம்கள் என்ற கோட்பாடு இன்றும் இந்த இருவர் பெயரால்தான் அறியப்படுகிறது.

முட்டையிலிருந்து புற்றுநோய்க்கு

புற்றுநோய்ச் செல்கள் சில நேரம் தாறுமாறாகப் பிரிவதை ஜெர்மானிய நோயியலாளர் டேவிட் வான் ஹான்செமன் 1890-லேயே கவனித்து எழுதியிருந்தார். தன் முட்டைகளில் கண்டதையும் இதையும் பொவேரி சேர்த்துப் பார்த்தார். பங்கு தப்பிய செல்தான் புற்றுநோயின் தொடக்கமோ?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கவனித்தீர்களா? பங்கு தப்பிய முட்டைச் செல்கள் செத்துப்போயின. புற்றுநோய்ச் செல்லோ சாகாமல் பெருகுகிறது. அப்படின்னா இரண்டும் எப்படி ஒன்றாகும்?

1914-ல் வெளியிட்ட சிறு நூலில் அதற்கு அவர் விடை சொன்னார். பங்கு தப்பும் செல்களில் பெரும்பாலானவை அழியத்தான் செய்யும். ஆனால் எங்கோ ஒரு செல்லில், உயிர் பிழைக்கவும் முடிகிற, கட்டுப்பாடும் இழந்துவிட்ட ஒரு கலவை அமைந்துவிடலாம். குரோமோசோம்களில் செல் பிரிவதைத் தூண்டும் பகுதிகளும் இருக்கலாம், தடுக்கும் பகுதிகளும் இருக்கலாம். தூண்டுபவை கூடினாலோ, தடுப்பவை தொலைந்தாலோ, செல் நிற்காமல் பிரியும். எண்ணெய் மிதி சிக்கிக்கொண்ட கார், அல்லது பிரேக் போன கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஒரே ஒரு செல்லிலிருந்து முழுக் கட்டியும் வளர்ந்துவிடலாம் என்றார் அவர்.

டிஎன்ஏ-வின் வடிவம் தெரிய இன்னும் சுமார் 40 ஆண்டுகள் இருந்தன. மனிதருக்கு எத்தனை குரோமோசோம் என்பதுகூட அப்போது உறுதியாகத் தெரியாது.

தன்னிடம் நேரடி ஆதாரம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். கட்டிகளைப் பற்றிய தம் அறிவு பெரும்பாலும் மற்றவர்கள் எழுதியதைப் படித்து வந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. இந்த யோசனையை முன்பு அவர் சொன்னபோது வரவேற்பு இல்லை. இருந்தாலும், சரியா தப்பா என்று மற்றவர்கள் சோதித்துப் பார்க்கட்டும் என்று எழுதி வைத்தார்.

அவசரப்படக் காரணமும் இருந்தது. பெர்லினில் அமையவிருந்த புதிய உயிரியல் ஆய்வுக் கழகத்துக்குத் தலைமை தாங்க வந்த அழைப்பை, உடல்நிலை காரணமாக அவர் ஏற்கவில்லை. நூல் வெளிவந்த ஆண்டிலேயே முதல் உலகப் போர் தொடங்கியது. 1915 அக்டோபர் 15-ஆம் தேதி, 53-ஆம் பிறந்தநாள் முடிந்து மூன்றே நாளில், பொவேரி காலமானார்.

நூலைக் கரை சேர்த்தவர்

கணவர் போனபின் மார்செல்லா 1920-களில் அமெரிக்கா திரும்பி, மீண்டும் கல்லூரியில் கற்பித்தார். 1929-ல் அந்த நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். ஜெர்மன் தெரியாத ஆய்வாளர்கள் கைக்கு அது போய்ச் சேர்ந்தது அவரால்தான். இரண்டு மொழி தெரிந்த ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம், இல்லையா?

அடுத்த முக்கியமான திருப்பத்தில் நம் வட்டாரத்துக்காரர் ஒருவர் வருகிறார். ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ட்ஜியோ. மனிதருக்கு 48 குரோமோசோம் என்றே பல ஆண்டுகளாக நம்பப்பட்டது. இல்லை, 46-தான் என்று ஸ்வீடனில் ஆல்பர்ட் லெவானோடு சேர்ந்து 1956-ல் அவர் நிறுவினார். சரியான எண்ணிக்கை தெரிந்தால்தானே தவறானதைக் கண்டுபிடிக்க முடியும்?

அதன் பிறகு வந்தவை:

• 1960: ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் இயல்புக்கு மாறான சின்னக் குரோமோசோம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பெயர் பிலடெல்பியா குரோமோசோம். அந்தக் கோளாற்றைக் குறிவைக்கும் இமாட்டினிப் மருந்து 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

• 1991: பங்கு பிரிப்பைக் கண்காணிக்கும் மரபணுக்கள் ஈஸ்ட்டில் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் ஒன்று பப்-1. எல்லாக் குரோமோசோம்களையும் இழைகள் சரியாகப் பற்றும்வரை பிரிவைத் தடுத்து நிறுத்தும் காவல் வேலையில் அதற்குப் பங்கு உண்டு.

• 1998: மனிதரின் பப்-1 மரபணுவில் ஏற்பட்ட மாற்றங்கள் சில பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களில் காணப்பட்டன.

பொவேரி ஊகித்த இரண்டு பகுதிகளுக்கும் இன்று பெயர் இருக்கிறது: புற்றுநோயைத் தூண்டும் மரபணுக்கள், கட்டியைத் தடுக்கும் மரபணுக்கள்.

எல்லாமே சரியா?

இல்லை. குரோமோசோம் எண்ணிக்கை மாறாமல், மரபணுவில் ஏற்படும் சின்ன எழுத்துப் பிழையாலும் புற்றுநோய் வரலாம். அவ்வளவு நுண்ணிய மாற்றத்தைப் பார்க்கும் வசதி அவருக்கு இல்லை. ரத்தப் புற்றுநோய் அல்லாத திடக் கட்டிகளில் ஏறக்குறைய 90 விழுக்காட்டில் குரோமோசோம் எண்ணிக்கை தப்பியிருக்கிறது. ஆனால் அது நோய்க்குக் காரணமா, விளைவா, இரண்டுமா என்ற விவாதம் ஆய்வுக்கூடங்களில் இன்னும் நடக்கிறது.

ஆனாலும் இன்று ரத்தப் புற்றுநோய் நோயாளி ஒருவருக்குக் குரோமோசோம் பரிசோதனை செய்து, அதைப் பார்த்து மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்கிறார் என்றால், அந்தப் பாதையின் ஒரு முனை நேப்பிள்ஸில் இருக்கிறது. அங்கே ஒருவர் கெட்டுப்போன முட்டைகளைக் குப்பையில் கொட்டாமல், அவை ஏன் கெட்டன என்று உட்கார்ந்து பார்த்தார்.