ழான் மேயர்

ழான் மேயர் (பெப்ரவரி 19, 1920 – சனவரி 1, 1993) பிரான்சில் பிறந்த அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் ஆவார். பசி, உடற்பருமன், உடலுழைப்பு ஆகியவற்றுக்கிடையேயான தொடர்பை ஆராய்ந்தவர். அமர்ந்தே பணிபுரிவோரின் உணவையும் எடையையும் பற்றி இவர் மேற்கு வங்காளச் சணல் ஆலையொன்றில் நடத்திய ஆய்வு பரவலாக அறியப்பட்டது.

வாழ்க்கை

பாரிசில் பிறந்தார். தந்தை ஆந்திரே மேயர் உடலியங்கியல் அறிஞர். இரண்டாம் உலகப் போரில் செருமானியரிடம் சிறைப்பட்டுத் தப்பிய இவர், டி கோல் தலைமையிலான சுதந்திர பிரான்சுப் படையில் பணியாற்றினார். 1948-ல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1950-ல் ஆர்வர்டில் சேர்ந்தார்.

சணல் ஆலை ஆய்வு

உழைப்புக் குறைந்தால் பசியும் தானே குறையும் என்ற எண்ணம் அக்காலத்தில் நிலவியது. எலிகளைக் கொண்டு 1954-ல் வெளியிட்ட ஆய்வில் மேயர் வேறு விதமாகக் கண்டார். நாள்தோறும் சுமார் ஒரு மணி நேரம் ஓடவிடப்பட்ட எலிகள், ஓடாத எலிகளைவிடச் சற்றுக் குறைவாகவே உண்டன.

மனிதரிடம் இதைச் சோதிக்க, ஒரே இடத்தில் பலவகை உழைப்பாளர் தேவைப்பட்டனர். சணல் ஆலையில் கடைக்காரர், எழுத்தர், மேற்பார்வையாளர் முதல் நெசவாளர், சுமைதூக்குவோர் வரை அனைவரும் இருந்தனர். 213 ஆண்களின் உணவும் எடையும் கணக்கிடப்பட்டன. ராய், மித்ரா ஆகிய இருவருடன் இணைந்து எழுதிய கட்டுரை 1956-ல் வெளியானது.

ஓரளவு உழைத்தோர் முதல் கடினமாக உழைத்தோர் வரை, உழைப்புக்கு ஏற்ப உணவு கூடியது. எடையில் பெரிய வேறுபாடு இல்லை. அமர்ந்தே இருந்தோரோ குறைவாக உண்ணவில்லை. கடின உழைப்பாளருக்கு நிகராகவே உண்டனர். எடையும் அவர்களுக்கே மிகுதி. அதாவது, உடலசைவு ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் பசி அதற்கேற்பக் குறைவதில்லை. உடற்பருமனுக்குப் பெருந்தீனியே காரணம் எனப் பழிக்கப்பட்ட காலத்தில் இது முக்கியமான கண்டுபிடிப்பாகும்.

எனினும் எழுத்தருக்கும் சுமைதூக்குவோருக்கும் வருவாயும் வாழ்க்கைமுறையும் வேறு. ஆகவே அமர்ந்திருத்தலே எடைக்குக் காரணம் என்று இவ்வாய்வைக் கொண்டு மட்டும் நிறுவ இயலாது.

கட்டுரை வெளியான அதே 1956-ல்தான் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமும் தொடங்கப்பட்டது. சுரங்கத் தொழிலாளரும் அலுவலகப் பணியாளரும் ஒரே நகரியத்தில் வாழும் அத்தகைய இடங்களுக்கு இம்முடிவு நேரடியாகப் பொருந்தும். சுரங்கத்தில் உழைப்பவருக்குப் பசி ஓரளவு சரியான அளவுகோல். நாற்காலியில் இருப்பவர் அதை நம்ப முடியாது. அவர் இடையிடையே எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது.

பிற்காலம்

1969-ல் வெள்ளை மாளிகையில் நடைபெற்ற உணவு, ஊட்டச்சத்து, உடல்நலம் பற்றிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1976 முதல் 1992 வரை டப்ட்சு பல்கலைக்கழகத் தலைவராக இருந்தார். அங்குள்ள முதுமைக்கால ஊட்டச்சத்து ஆய்வு மையம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது. புளோரிடாவில் காலமானார்.