சுரேந்திரநாத் பானர்ஜியும் ஐ.சி.எஸ். வாசலும்

வங்க நாட்டில் வந்து குடியேறியுள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் கல்கத்தாவின் எஸ். என். பானர்ஜி ரோட்டில் நடந்திராதவர் அரியர். ஸியால்தா ரயில் நிலையத்தை அடுத்துள்ள சுரேந்திரநாத் கலாசாலையையும் நம்மில் பலர் கண்டிருப்பர். ஆயினும் அப்பெயருக்கு உரியவர் யார், அவர் பட்ட பாடு யாது என்பதை நம் பிள்ளைகளில் சிலரே அறிவர். உத்தியோகப் பரீட்சைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞர் வீட்டுக்கு வீடு உள்ள இக்காலனியில், அவருடைய வரலாற்றை ஆண்டு மலரில் கூறுவது பொருத்தமெனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

சுரேந்திரநாதர் 1848-ம் ஆண்டு நவம்பர் 10-ம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் துர்க்காசரண் பானர்ஜி பேர்பெற்ற வைத்தியர். ஆங்கிலக் கல்வியில் பெருமதிப்புக் கொண்டவர். மைந்தர் 1863-ல் கல்கத்தா சர்வகலாசாலையின் பிரவேசப் பரீட்சையில் தேறி, 1868-ல் பி.ஏ. பட்டமும் பெற்றார். அவ்வாண்டு மார்ச் மாதம் 3-ம் தேதி, ரொமேஷ் சந்திர தத்தர், பிஹாரிலால் குப்தா என்னும் நண்பர் இருவருடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கடல் கடந்தோர் சாதி கெட்டோர் என ஊரார் விலக்கி வைத்த காலம் அது. மூவரும் நாடிச் சென்றது இந்திய சிவில் சர்வீஸ் பரீட்சையை.

அப்பரீட்சையின் விதிகளைச் சற்று அறிந்து கொள்வது நலம். முற்காலத்தில் கம்பெனியின் டைரக்டர்கள் தமக்கு வேண்டியவர்களை நியமித்து வந்தனர். 1853-ம் ஆண்டுச் சட்டம் அம்முறையை நீக்கிப் போட்டிப் பரீட்சையை ஏற்படுத்தியது. முதற் பரீட்சை 1855-ல் லண்டனில் நடைபெற்றது. இனம், மதம் என்ற பேதமின்றி எவரும் எழுதலாம் என்பதே சட்டத்தின் சொல். ஆனால் பரீட்சை நடைபெறும் இடம் லண்டன் ஒன்றே. முதற் பரீட்சைக்கென வகுத்த திட்டத்தில் கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண், இலத்தீனுக்கு 750. நம் நாட்டிலும் பயிலக்கூடிய சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தனித்தனியே 375 மட்டுமே. வயது வரம்போ தொடக்கத்தில் 18 முதல் 23 வரை இருந்து, 1866-ல் 17 முதல் 21 வரை எனக் குறைக்கப்பட்டது. தேறிய பின்னரும் ஈராண்டுக் காலம் சட்டம், இந்திய மொழிகள் முதலியவற்றைக் கற்று மேலும் பரீட்சைகள் கொடுத்தாக வேண்டும். 1863-ல் சத்தியேந்திரநாத் தாகூர் ஒருவர் இவ்வளவு தடைகளையும் தாண்டி முதல் இந்தியராகத் தேறியிருந்தார்.

1869-ல் நடைபெற்ற பரீட்சையில் இந்தியர் நால்வர் வெற்றி பெற்றனர். கல்கத்தா நண்பர் மூவரோடு பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த ஸ்ரீபாத பாபாஜி தாகூர் நான்காமவர். ஊரெங்கும் மகிழ்ச்சி பொங்கிய வேளையில் பேரிடி ஒன்று விழுந்தது. சுரேந்திரநாதரும் ஸ்ரீபாதரும் வயது வரம்பைக் கடந்தவர்கள் எனக் கூறி, சிவில் சர்வீஸ் கமிஷனர்கள் இருவர் பெயரையும் பட்டியலிலிருந்து நீக்கி விட்டனர்.

ரயில்வே அலுவலகத்தில் சர்வீஸ் ரிஜிஸ்தர்களோடு பழகி வரும் எமக்கு, இவ்விடம் மிகவும் ஊன்றிக் கவனிக்கத் தக்கதாகத் தோன்றுகிறது. 1863-ம் ஆண்டு டிசம்பரில் பிரவேசப் பரீட்சை எழுதியபோது சுரேந்திரநாதர் தம் வயதைப் பதினாறு எனக் குறித்திருந்தார். அன்று அவருக்கு நிறைந்த வயது பதினைந்து. நடந்து கொண்டிருந்த வயது பதினாறு. நம் பாட்டிமார் குழந்தையின் வயதைச் சொல்லும்போது இத்தனை முடிந்து இத்தனை நடக்கிறது என்பார்களே, அதே கணக்குத்தான். வங்கத்திலும் நடப்பு வயதைச் சொல்வதே வழக்கம். ஆங்கிலேயரோ நிறைந்த வயதையே வயதென்பர். 1863-ன் இறுதியில் பதினாறு நிறைந்தவர் என்று கொண்டால், 1869-ல் அவர் இருபத்தொன்றைக் கடந்தவராகி விடுவார். உண்மையில் பரீட்சை எழுதியபோது அவருக்கு இருபது வயதே நிறைந்திருந்தது. பொய் எழுதியவர் எவருமிலர். ஒரு நாட்டார் தம் வழக்கப்படி எழுதியதை மற்றொரு நாட்டார் தம் வழக்கப்படி படித்தனர்; அவ்வளவே. ஆனால் படித்தவர் கையில் அதிகாரம் இருந்தது.

சுரேந்திரநாதர் சோர்ந்து ஊர் திரும்பவில்லை. லண்டனில் குவீன்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தை அணுகினார். இந்தியர் வயது கணக்கிடும் முறை இன்னதென்பதற்குக் கல்கத்தாவிலிருந்து சான்றுகள் வந்து சேர்ந்தன. கமிஷனர்கள் தம் செய்கைக்குக் காரணம் காட்ட வேண்டிய நிலை ஏற்பட்டது. இறுதியில் இருவர் பெயரும் பட்டியலில் மீண்டும் இடம் பெற்றன. 1870-ல், தம்மைப் பெரும் நம்பிக்கையோடு கடல் கடந்து அனுப்பிய தந்தையாரை அவர் இழந்தார். அத்துயரையும் தாங்கிக் கொண்டு எஞ்சிய பரீட்சைகளை முடித்து, 1871-ல் நண்பர்களுடன் தாய்நாடு திரும்பினார்.

அவர் அஸிஸ்டெண்ட் மாஜிஸ்டிரேட்டாக நியமனம் பெற்ற ஊர் சில்ஹெட். அங்கு அவர் உத்தியோகம் நிலைக்கவில்லை. ஒரு வழக்கில், தலைமறைவாகாத எதிரி ஒருவன் பெயர் தலைமறைவானோர் பட்டியலில் சேர்க்கப்பட்டு, அக்காகிதத்தில் அவர் கையொப்பமும் இடம் பெற்று விட்டது. குவியலாக வந்த காகிதங்களோடு அதிலும் கையொப்பமிட்டதாக அவர் கூறினார். விசாரணைக் குழு அதனை ஏற்கவில்லை. 1874-ல் அவர் வேலையினின்று நீக்கப்பட்டு, கருணைத் தொகையாக மாதம் ரூ. 50 அளிக்கப்பட்டது. கவனக்குறைவு ஒரு குறைதான். அதனை நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் இளம் அதிகாரியின் முதற் பிழைக்கு ஆயுள் முழுமைக்குமான தண்டனை மிகக் கடுமையானது என அந்நாளில் பலரும் எண்ணினர். மீண்டும் லண்டன் சென்று முறையிட்டார், பயனில்லை. பாரிஸ்டராகலாம் என முயன்றார்; வேலை நீக்கத்தைக் காரணம் காட்டி அவ்வாசலும் அடைக்கப்பட்டது.

1875-ல் கல்கத்தா திரும்பிய அவரை ஆதரித்தவர் ஈசுவர சந்திர வித்தியாசாகரர். தமது மெட்ரோபாலிடன் கலாசாலையில் மாதம் ரூ. 200 ஊதியத்தில் ஆங்கிலப் பேராசிரியராக அமர்த்தினார். அன்று முதல் சுரேந்திரநாதர் வங்க இளைஞரின் ஆசானானார். 1876-ம் ஆண்டு ஜூலை 26-ம் தேதி இந்தியன் அசோசியேஷன் தொடங்கப் பெற்றது. அன்றைய தினமே அவருடைய மகன் காலமானான். நெஞ்சைக் கல்லாக்கிக் கொண்டு மாலையில் கூட்டத்துக்குச் சென்று தம் கடமையை முடித்தார்.

இவ்வேளையில் இந்தியா மந்திரி சாலிஸ்பரி பிரபு, சிவில் சர்வீஸ் வயது வரம்பை 21-லிருந்து 19-ஆகக் குறைத்தார். 1878-ல் நடைமுறைக்கு வந்த அவ்விதி ஆங்கிலேயருக்கும் இந்தியருக்கும் பொதுவே. ஆனால் லண்டன் சிறுவன் தன் பள்ளியிலிருந்து நேரே பரீட்சை மண்டபத்துக்கு நடந்து செல்லலாம். நம் நாட்டுச் சிறுவனோ மீசை அரும்பும் முன்னரே பெற்றோரைப் பிரிந்து, பெரும் பொருள் செலவிட்டு, அந்நிய நாட்டில் தங்கிப் படித்தாக வேண்டும். எண் இருவருக்கும் ஒன்றே. கடக்க வேண்டிய தூரம் ஒன்றல்ல. விதி எழுதுவோர் இந்தியரைத் தள்ளுக என எழுதவே வேண்டியதில்லை. இரண்டு வயதைக் குறைத்தாலே போதும்.

இவ்விதியால் சுரேந்திரநாதருக்கு இனி நட்டம் ஒன்றுமில்லை. அவ்வுத்தியோகம் அவரைக் கைவிட்டு மூன்றாண்டுகளுக்கு மேலாகி விட்டது. எனினும் 1877-ல் புறப்பட்டார். ஆக்ரா, டில்லி, லாகூர், அமிர்தசரஸ், லக்னோ, அலகாபாத், காசி என வட இந்தியாவெங்கும் சென்று கூட்டங்களில் பேசினார். அடுத்துப் பம்பாய்க்கும், கொடும் பஞ்சத்தால் வாடியிருந்த நம் சென்னை மாகாணத்துக்கும் வந்தார். இருப்புப் பாதைகள் இந்நகரங்களை இணைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. படை நடத்தவும் பருத்தி ஏற்றவும் ஆங்கிலேயர் போட்ட பாதை, ஒரு பொதுக் குறைக்காகப் பல மாகாணத்தாரை ஒன்று சேர்க்கவும் பயன்பட்டது என்பது எம்போன்ற ரயில்வே ஊழியர்க்கு மகிழ்ச்சி தருவதாகும். காங்கிரஸ் மகாசபை பிறப்பதற்கு எட்டாண்டுகள் முன்னரே நிகழ்ந்த தேசப் பயணம் இது.

கோரிக்கைகள் இரண்டே. வயது வரம்பை உயர்த்த வேண்டும். இந்தியாவிலும் அதே காலத்தில் பரீட்சை நடத்த வேண்டும். 1879-ல் லால்மோகன் கோஷ் விண்ணப்பத்துடன் இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1886-ல் எய்ச்சிஸன் தலைமையில் பொதுப்பணிக் கமிஷன் அமைந்தது. 1892 முதல் வயது வரம்பு 21 முதல் 23 வரை என உயர்ந்தது. இரண்டாவது கோரிக்கையைக் காமன்ஸ் சபை 1893-ல் தீர்மானமாக நிறைவேற்றியும், அரசாங்கம் அதனைச் செயற்படுத்தவில்லை. 1922-ல் தான் இந்திய மண்ணில் அப்பரீட்சை முதன்முதலாக நடைபெற்றது. கோரிக்கை எழுந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றபின் பலித்த அதனைச் சுரேந்திரநாதர் தம் முதுமையில் கண்டார்.

இடையில் அவர் ஆற்றிய பணிகள் பல. பெங்காலி பத்திரிகையை நடத்தினார். அதில் எழுதியதற்காக 1883-ல் இரு மாதம் சிறையிருந்தார். ரிப்பன் கலாசாலையை வளர்த்தார். அதுவே இன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது. 1895-ல் பூனாவிலும் 1902-ல் அகமதாபாத்திலும் காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்து முன்னணியில் நின்றார். பிற்காலத்தில் மிதவாதியென ஒதுக்கப்பட்டதும், 1921-ல் சர் பட்டமும் மந்திரி பதவியும் ஏற்றதற்காகக் கண்டனம் பெற்றதும், 1923-ம் ஆண்டுத் தேர்தலில் டாக்டர் பிதான் சந்திர ராயிடம் தோற்றதும் உண்மையே. 1925-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ம் தேதி பாரக்பூரில் இயற்கை எய்தினார்.

இன்று நம் பிள்ளைகள் மத்திய சர்வீஸ் பரீட்சையை இந்திய நகரங்களிலேயே எழுதுகின்றனர். விரும்பினால் விரிவான விடைகளைத் தமிழிலேயே எழுதலாம். வயதுக்கு ஆதாரமாகக் கொள்ளப்படுவது மட்டும் அன்று போலவே இன்றும் பள்ளி இறுதிப் பரீட்சைச் சான்றிதழில் கண்ட தேதிதான். ஆகவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில், வசதிக்காகக் கூட்டியோ குறைத்தோ எழுதாது, பிறந்த தேதியைப் பிறந்தபடியே எழுதுங்கள். பிள்ளைகளுக்கும் ஒன்று கூறுவோம். நீங்கள் அமரப்போகும் பரீட்சை மண்டபத்தின் கதவு தானாகத் திறந்ததன்று. வெளியே தள்ளப்பட்ட ஒருவர், தமக்கு இனி அதனால் ஆவதொன்றுமில்லை என்று அறிந்தும், பின்னே வருவோருக்காக ஊர் ஊராகச் சென்று தட்டிய கதவு அது.